குறுக்கே வெட்டிப் பார்த்தவள்

என் அன்பு மாமா,

கல்லறைக்கு மெழுகுவத்தி ஏற்ற வரும்போதெல்லாம் அம்மா ஊர்க்கதை முழுக்கச் சொல்லியிருப்பாள். இதை மட்டும் நான்தான் சொல்ல வேண்டும்.

அப்பா சங்கு குளிக்க இறங்கிய நாளெல்லாம், அவரை மேலே இழுக்கும் கயிறு வள்ளத்தில் உங்கள் கையில்தான். பெண்டாட்டியின் அண்ணனிடம்தான் நம் ஆட்கள் கயிற்றைக் கொடுப்பார்கள். தங்கச்சி தாலியறுக்க அவன் விடமாட்டான் என்று. அந்த வலது கைதான் பக்கவாதத்தில் விழுந்தது.

நான் விடுமுறைக்கு வந்தபோது ரப்பர் பந்தை அமுக்கிப் பழகிக்கொண்டிருந்தீர்கள். "ஏளா, நீ மூளையப் பத்தித்தான படிக்கே. இந்தக் கை திரும்ப வருமா?" என்று கேட்டீர்கள்.

பெரிய இவள் மாதிரி சொன்னேன்: "வராது மாமா. மூளையில வெள்ளையா இருக்க பகுதிக்குள்ள நரம்பு புதுசா வளராது. நானே பாத்துட்டேன்."

மறுநாள் பந்து அலமாரிக்குள் போய்விட்டது. உங்களை அடக்கம் செய்த பிறகுதான் அம்மா அதை வெளியே எடுத்தாள்.

போன வாரம் ஆய்வகத்தில் ஓர் எலி மூளையைக் கவனமில்லாமல் நெடுக்காக வெட்டிவிட்டேன். எப்போதும் குறுக்காகத்தான் வெட்டுவேன். எறிய மனமில்லாமல் அதன்மேல் நரம்பு செல்களை வைத்தேன். இன்று மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால், மாதாவே! முடியைவிட மெல்லிய இழைகள், அந்த வெள்ளைத் தடத்தில் ஏற்கெனவே இருக்கும் நரம்புகளை ஒட்டிக்கொண்டு நேராக ஓடியிருக்கின்றன. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சாப்பிடக்கூடப் போகாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணில்லாத அந்த நுனிக்கு, இந்தப் பக்கம்தான் வா என்று யார் சொன்னது மாமா?

குறுக்காக வெட்டினால் அதே தடம் இழைகளின் வழிக்குக் குறுக்கே கிடக்கும்; அவை அங்கேயே நின்றுவிடும். இத்தனை வருஷம் நான் பார்த்தது அதை மட்டும்தான். நான் வெட்டிய விதத்தைக் கடவுளின் தீர்ப்பு மாதிரி உங்களிடம் வந்து சொல்லிவிட்டேன்.

இது தட்டில் கிடக்கும் எலி மூளைத் துண்டு. உங்கள் கை வந்திருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் வராது என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? அந்தப் பந்தை உங்களிடமிருந்து பிடுங்கியது நான்தான்.

அப்பாவிடம் போனில் சொல்லி அழுதேன். "ஏளா, நான் மேல வருவேனா மாட்டேனான்னு அவனுக்கு மட்டும் தெரியுமா? தெரியாமத்தான் கயித்தப் பிடிச்சுக்கிட்டு இருந்தான்," என்றார்.

இனி யார் கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்வேன் மாமா. சொல்லிவிட்டு, பந்தை அவர்கள் கையிலேயே வைத்துவிட்டு வருவேன்.

நீங்கள் ஒவ்வொரு முறையும் மேலே இழுத்துக் கொண்டுவந்தவரின் மகள்,
உங்கள் தங்கச்சி மகள்.