பாதரசம் இறங்கிய சேதி

என் உயிருக்கு உயிரான எல்லப்பண்ணே,

கடல் உன்னை எடுத்துக்கொண்டு ஒரு வருஷம் ஆகிவிட்டது. நீ இருக்கிற இடத்தில் காற்று எப்படி? இங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மங்கிய விளக்கில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் பேச்சைப் பெயர்த்துச் சொல்லும் துபாஷியாக இருக்கிற ஒல்லாந்து தேசத்து வியாபாரியின் மாடியில் ஒரு கண்ணாடிக் குழாய் தொங்குகிறது. உள்ளே பாதரசம். புயல் வருவதற்கு முன்பே அது கீழே இறங்கிவிடுமாம். போன ஐப்பசியில், நீ வலையோடு முகத்துவாரம் தாண்டிய அன்று காலையில், அவர் தன் சரக்குப் படகுகளைக் கரையேற்றச் சொன்னார். தார் பூசுவதற்கு என்றார். நானும் அதையே தமிழில் சொன்னேன். உண்மைக் காரணம் எனக்குத் தெரிந்தது சித்திரையில்தான். வந்திருந்த கப்பல் தலைவனிடம் குழாயைக் காட்டி அவர் பெருமையடித்துக்கொண்டிருந்தார். கரையேறிய அந்தப் படகுகளைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே போனாயாமே, அண்ணே?

இந்த ஐப்பசியில் பாதரசம் மறுபடி இறங்கியது. "படகுகளுக்குத் தார் பூச வேண்டும் என்று சொல்" என்றார் வியாபாரி.

கீழே நின்ற படகுக்காரர்கள் எல்லாரும் உன் குப்பத்து ஆட்கள். "பெருங்காத்து வருது. படகை ஏத்திட்டு ஓடுங்க. யாரும் கடலுக்குப் போவாதீங்கன்னு குப்பத்துல சொல்லுங்க" என்றேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தார் பூசச் சொன்னால் யாராவது வீட்டைப் பார்த்து அப்படி ஓடுவார்களா?

நான் சொன்னதை ஊகித்துவிட்ட அவர் முகம் சிவந்தது. "குழாய் என் காசில் வாங்கியது. அது சொல்வது ஊருக்கெல்லாம் எதற்கு? பொய்யாகிப்போனால், கடலுக்குப் போகாமல் பட்டினி கிடந்தவர்கள் யார் வாசலில் வந்து நிற்பார்கள்?"

"என் வாசலில் வந்து நிற்கட்டும், ஐயா" என்றேன்.

இன்னொரு முறை வாய் திறந்தால் கடல் கடந்து பத்தாவியாவுக்கு அடிமைகளைக் கொண்டுபோகும் கப்பலில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார். அந்தக் கப்பலில் போனவர்கள் யாரும் திரும்பி வந்து நீயும் நானும் பார்த்ததில்லை.

மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. குப்பத்துக்குப் போனேன். "இன்னா பாய், உன் காத்து வழி தப்பிடுச்சா?" என்றான் உன் மைத்துனன். சிலர் கட்டுமரத்தைத் தண்ணீருக்குத் தள்ளத் தொடங்கினார்கள். அண்ணி ஓடிவந்து அதன் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

"எம் புருசனை யாரும் தடுக்கல. உங்கள நான் தடுப்பேன். போறதுன்னா என்னை மிதிச்சிட்டுப் போங்கடா."

யாரும் போகவில்லை.

நான் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். காற்று வந்துவிட வேண்டும், வராவிட்டால் இனி யாரும் என்னை நம்பமாட்டார்கள் என்று மனசு அடித்துக்கொண்டது. புயல் வரவேண்டுமென்று வேண்டுகிற மனிதனாகிவிட்டேனே என்று எனக்கே பயமாகிவிட்டது. இப்படியும் ஒரு பயம் உண்டா அண்ணே?

மதியத்துக்கு மேல் கிழக்கே கறுத்தது. அப்புறம் ஒரே இரைச்சல். குடிசைகளின் கூரை பறந்தது, பனைகள் சாய்ந்தன. குப்பத்து ஆட்களும் எங்கள் தெருக்காரர்களும் எங்கள் பள்ளிவாசலுக்குள் ஒண்டிக் கிடந்தோம். விடிந்ததும் அண்ணி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எல்லாப் பெயருக்கும் பதில் வந்தது.

கரையோரம் தள்ளியிருக்கிற காட்டுப்பள்ளிக் குப்பத்துக்குச் சேதி போகவில்லை. அங்கே கரையில் அழுகை இன்னும் ஓயவில்லை.

கப்பல்கள் வருகிற காலம், பேச ஆள் வேண்டும். அதனால்தான் வியாபாரி என்னை இன்னும் வைத்திருக்கிறார். இப்போது நான் பார்க்கக் கூடாதென்று குழாயின் மேல் துணி போட்டு மூடிவிட்டார். துறையில் கப்பல் பாய் தெரிந்தாலே அது பத்தாவியா கப்பலோ என்று எட்டிப் பார்க்கிறேன்.

ஆனாலும் கேள் அண்ணே. அவர் தன் படகுகளைக் கரையேற்றச் சொல்கிற அன்று, நானே காட்டுப்பள்ளி வரைக்கும் ஓடுவேன். காற்று வராமல்போய் ஊரே என்னை ஏசினாலும், அதற்கடுத்த முறையும் ஓடுவேன். பயந்துகொண்டேதான் ஓடுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப் பிறக்காத தம்பி,
காதர்