துடைக்காமல் வாங்கிய இடம்

மார்ச் 4, செவ்வாய்
ரத்தப் பரிசோதனை நிலையங்களின் ரிப்போர்ட்டை நோயாளிகளுக்கு அனுப்பும் எங்கள் சர்வர் மெதுவாக ஓடுகிறது என்று ஒரு வாரமாகப் புகார். ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் நினைவகத்தில் இடம் கேட்கும்போது, அங்கே கிடக்கும் பழைய ரிப்போர்ட்டைத் துடைத்துப் பூஜ்யம் நிரப்பித் தருகிறது. துடைக்க வேண்டாம், அப்படியே கொடு என்று மாற்றினேன். ஒரே வரி. வேகம் பிடித்துக்கொண்டது. "கலக்கிட்டே ஜாக்குலின்" என்றார் டீம் லீடர் கிருபாகரன்.

மார்ச் 19, புதன்
மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டல் ஆட்கள் ஒன்றாகப் போய் ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். மேனேஜரின் சர்க்கரை ரிப்போர்ட்டுக்கு அடியில் வேறொருவர் முடிவு: வசந்தா, எச்.ஐ.வி. பாசிட்டிவ். நினைவகத்தில் அந்த இடத்தில் முன்பு இருந்தது வசந்தாவின் ரிப்போர்ட். மேனேஜருடையது சின்னது. அது போக மிச்சம் அப்படியே வெளியே போய்விட்டது.

வசந்தா அங்கே சமையல்காரர். அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களாம்.

மார்ச் 20
பழையபடி மாற்றிவிட்டேன். ஒரு நிமிட வேலை.

மார்ச் 21
"மேலிடத்துக்கு சர்வர் கோளாறுன்னு எழுதிட்டேன். நீ வாயத் தொறக்காத" என்றார் கிருபாகரன். தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

மார்ச் 23, ஞாயிறு
சர்ச்சுக்குப் போகவில்லை. மாமல்லபுரம் பஸ் ஏறினேன். முகவரியை ரிப்போர்ட்டிலிருந்துதான் எடுத்தேன் — அதுவும் தப்புதான்.

எல்லாம் சொன்னேன். வசந்தா கத்தவில்லை.

"எனக்கே அந்த மேனேஜர் சொல்லித்தான் தெரியும். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரில மறுபடி பாத்தாங்க. உண்மதான்."

மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்பு வாணாம். அந்த ரிசல்ட்டே தப்புன்னு எழுதிக் குடு. நான் சோறாக்குனா யாருக்காவது ஒட்டிக்குமா? இன்னா, சொல்லு."

"ஒட்டாதுக்கா."

"அப்போ எழுது."

மார்ச் 26
கம்பெனித் தாளில் எழுதினேன். 'அந்த வரி யாருடைய பரிசோதனை முடிவும் அல்ல. கணினியில் கிடந்த பொருளற்ற எழுத்துகள். தவறு என்னுடையது.' மூன்றாவது வாக்கியம் மட்டும்தான் நிஜம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஏப்ரல் 2
ஹோட்டல்காரர் கடிதத்தைக் கம்பெனிக்கே அனுப்பி விசாரித்திருக்கிறார். கேட்காமல் கம்பெனித் தாளில் எழுதியதற்காக ராஜினாமா கேட்டார்கள். கொடுத்துவிட்டேன். கிருபாகரன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்
வசந்தா போன் செய்தார்.

"திரும்ப சேத்துக்கினாங்கம்மா."

அழுதுவிட்டேன். "சமையலுக்குத்தானேக்கா?"

"இல்லம்மா, ரூம் கழுவுறதுக்கு. லெட்டர நம்பிட்டோம்னுதான் சொல்றாங்க. எனக்கு மட்டும் தட்டு, டம்ளர் தனியா வெச்சிகீறாங்க."