ஆடலோடகச் சாறும் உங்கள் மகனின் எக்ஸ்ரேயும்

திட்டித் திட்டியே என்னைச் சாப்பிட வைத்த என் பிரிய மாமிக்கு,

உங்கள் மகன் நேற்று நெய்யாற்றின்கரைக்குப் போய் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்து வந்தார். பயப்படாதீர்கள், ஒன்றுமில்லை, வெறும் சளி. இரண்டு நாள் இருமலுக்கே, "எடீ, எனக்கு மூச்சு முட்டுது, ஓட்டோ விளி" என்று அமரவிளை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கூப்பாடு.

நீங்கள் செய்வது போலவே ஆடலோடக இலையை, அதுதான் ஆடாதோடையை, ஆவியில் வாட்டிப் பிழிந்து, அரைவேக்காட்டு முட்டையில் கலந்து, மிளகு தூவி முதலில் நீட்டிப் பார்த்தேன். வேண்டுமென்றேதான் நீட்டினேன். மூக்கைப் பொத்திக்கொண்டு, "இத மனுசன் குடிப்பானா?" என்றார்.

போன மழைக்காலம் முழுக்க இதே சாற்றைத்தானே உங்கள் வாயில் ஊற்றினார்? ஊரார் சளிக்கெல்லாம் மருந்து பிழிந்த கை உங்களுடையது. அதற்கு அடங்காத இருமல் இது என்று முதலில் தெரிந்துகொண்டதும் நீங்கள்தான். "மக்கா, இது இதுல நிக்காது. என்னை ஒண்ணு ஆசுபத்திரியில கொண்டு காட்டச் சொல்லு அவனிட்ட" என்றீர்கள். சொன்னேன். "அம்மைக்க மருந்துக்கு மேல எந்த டாக்டரு? இது மதியாக்கும், இதே போரும்" என்று என் வாயை அடைத்துவிட்டார். நெய்யாற்றின்கரை பஸ் அன்றும் நம் வாசல் வழியாகத்தான் போயிற்று.

நீங்களே நேரில் கேட்டிருந்தால் அசைந்திருப்பாரோ? மகனுக்குச் சிரமம் வேண்டாம் என்று நினைத்தீர்களா?

இதையும் கேளுங்கள். டாக்டர் ஒன்றுமில்லை என்றதும் நேராக எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார். வளைகுடாவில் இருக்கும் தம்பியிடம், "நல்ல காலம்டே, நான் உடனே போய்க் காட்டுனேன். இருமல வச்சோண்டு இருக்கப்பிடாது" என்கிறார். பக்கத்தில் நான் நிற்கிறேன், கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. தூ! பெற்றவளுக்கு இலை, தனக்கு எக்ஸ்ரே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் முதலாம் ஆண்டு நினைவு ஜெபம். சாட்சி சொல்லப் போகிறாராம். கண்ணாடி முன் நின்று பழகுகிறார்: "எங்க அம்மை சாவது வரைக்கும் ஆசுபத்திரிப் படி சவுட்டுனதே இல்ல. கைமருந்தும் கர்த்தரும் மட்டும்தான்." சபையாரும் உருகி ஸ்தோத்திரம் சொல்வார்கள்.

கல்யாணமாகி வந்த நாள் முதல் சபையில் நான் வாய் திறந்ததில்லை. அன்று அவர் சொல்லிவிட்டு உட்கார்ந்ததும் எழுந்து நிற்பேன், மாமி. உங்களுக்கு ஆசுபத்திரிக்குப் போக ஆசை இருந்தது, கொண்டுபோகத்தான் ஆளில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்வேன். பிறகு வீட்டில் என்ன நடந்தாலும் நடக்கட்டும்.

நீங்கள் கேட்டதைக் காதால் கேட்டவள்,
உங்கள் மூத்த மருமகள்