மழைத்தொழுகை நேரத்தில் தம்ஸூர்த் அணையிலிருந்து எடுக்கப்பட்ட தண்ணீர்

அனுப்புநர்
முனைவர் தூரியா லம்ராபித்,
புவியியல் விரிவுரையாளர், ரபாத்.
(சொந்த ஊர்: தம்ஸூர்த்)

பெறுநர்
மாண்புமிகு மாகாண ஆளுநர் அவர்கள்,
ஆளுநர் அலுவலகம், தம்ஸூர்த்.

பொருள்: குடிநீருக்கென ஒதுக்கப்பட்ட அணைநீரைத் திருடிய ஹாஜ் புஅஸ்ஸாவை நீர்க்காவல் குழுத் தலைவர் பதவியிலிருந்து நீக்கி, அவரது பம்புக்கு முத்திரையிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வரும் வியாழனன்று ஹாஜ் புஅஸ்ஸாவின் பதவிக்காலத்தைத் தாங்கள் நீட்டிக்கவிருப்பதாக அறிகிறேன். கையெழுத்திடும் முன் இதைப் படிக்க வேண்டுகிறேன்.

1. தொடர் வறட்சியில் அணை வற்றி, சுவரை ஒட்டி ஒரு குட்டையாகச் சுருங்கிவிட்டது. குடிப்பதற்கன்றி அதிலிருந்து ஒரு வாளி நீரும் எடுக்கலாகாது என்பது தங்கள் ஆணை. அதைக் காக்கும் பொறுப்பு ஹாஜுடையது.

2. சென்ற கோடையில் என் தம்பி மீலூத், காய்ந்துகொண்டிருந்த தன் ஒலிவ மரங்களுக்கு அந்தக் குட்டையிலிருந்து கழுதைமேல் தண்ணீர் கொண்டுபோனான். குற்றம்தான், மறுக்கவில்லை. ஹாஜ் புகார் செய்தார். தண்டனையாக, அணையோடு தொடர்பே இல்லாத அவனது கிணற்றின் வாயைச் சிமெண்டால் அடைத்தார்கள். மரங்கள் பட்டுப்போயின. இப்போது அவன் ஹாஜின் ஆரஞ்சுத் தோட்டத்தில் பழம் பறிக்கும் கூலியாள்.

3. சென்ற வெள்ளியன்று மழைத்தொழுகையில் தாங்களும் முன்வரிசையில், அத்தொழுகையின் முறைப்படி வெறுங்காலுடன், மேலங்கியைத் திருப்பிப் போட்டு நின்றீர்கள். பிறருக்கு இழைத்த அநீதியைச் சரிசெய்த பிறகே மழை கேட்க வேண்டும் என்பது நியதி. அதைச் சொல்லித்தான் ஹாஜ் என் தம்பியை எழுப்பினார்: "மீலூத், எந்திரி தம்பி. ஊர்த் தண்ணிய எடுத்தவன் மனசு சுத்தமாகாம வானம் எப்படிப்பா தொறக்கும்? எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேளு." பின்னாலிருந்து ஒருவர், "சத்தமா கேளுப்பா, மேகம் ரொம்ப தூரத்துல இருக்கு" என்றார். சிலர் சிரித்தார்கள். "தப்புதான். எல்லாரும் பொறுத்துக்கங்க" என்றான் தம்பி. நான் பெண்கள் வரிசையில் இருந்தேன்.

4. இத்தொழுகைக்கு ஊரே திரண்டு வரும். ஆடுமாடுகளையும் ஓட்டி வருவார்கள். குட்டையின் காவலர்கள் இருவரையும் ஹாஜே தம் வண்டியில் ஏற்றி வந்தார். அதை அப்போது பக்தி என்று எண்ணினேன்.

5. செயற்கைக்கோள் படங்களைப் படிக்கக் கற்பிப்பது என் தொழில். மழைக்காகத் தொழுத அன்று வானில் ஒரு மேகமும் இல்லை; அதனால்தான் அன்று முற்பகல் எடுக்கப்பட்ட படம் அத்தனை தெளிவாக விழுந்திருக்கிறது. வற்றிய அணை, வெளிறிய வளையங்கள் கொண்ட காலிக் கிண்ணம்போல் இருக்கிறது. அதன் அடியில் குட்டை. அங்கிருந்து ஹாஜின் பம்பு வரை நனைந்த மண்ணின் கருங்கோடு ஒன்று நேராக ஓடுகிறது. முந்தைய படத்தில் அந்தக் கோடு இல்லை. அப்போது வறண்டிருந்த அவரது தோட்டத் தொட்டி இந்தப் படத்தில் நிறைந்திருக்கிறது. ஆட்கள் தெரியும் அளவுக்குப் படம் கூர்மையானதல்ல. என் தம்பி தலைகுனிந்து நின்ற திடல் வெறும் சாம்பல் நிறப் புள்ளி.

6. ஹாஜ் குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று நான் விரும்பியது உண்மை. ஆகவே என் கண்ணை நான் நம்பவில்லை. எங்கள் ஊரை அறியாத சக ஆசிரியர் ஒருவரிடம் ஏதும் சொல்லாமல் இரு படங்களையும் கொடுத்தேன். அவரும் அதே கோட்டைத்தான் காட்டினார். பிறகு நேரில் போனேன். அந்தக் கோடு ஒரு வாய்க்கால்; இப்போது அதன்மேல் நாணல் பரப்பி மறைத்திருக்கிறார்கள், அடியில் சேறு இன்னும் காயவில்லை.

7. தம்பியிடம் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "விட்டுரு அக்கா. மேல இருந்து பாத்தவனே ஒண்ணும் சொல்லல, நீ ஏன் சொல்ற? நாளைக்கு நான் அவர் தோட்டத்துக்குத்தான போகணும்" என்றான். அவன் இந்த மனுவுக்குச் சம்மதிக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஆகவே ஐயா, ஹாஜின் பதவியை நீட்டிக்காமல், அவரது பம்புக்கு, என் தம்பியின் கிணற்றை அடைத்த அதே ஆட்களைக் கொண்டு, சந்தை கூடும் நாளில், எல்லோரும் பார்க்க முத்திரையிட உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தம்பியின் கிணற்றைத் திறக்கும்படி கேட்கவில்லை. காப்பாற்ற அங்கே மரமில்லை.

மேலும், அடுத்த மழைத்தொழுகைக்குத் தாங்கள் அழைப்பு விடுக்கும்போது, ஹாஜ் புஅஸ்ஸா அதே திடலில் வெறுங்காலுடன் எழுந்து நின்று, மீலூத் என்று பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். பின்வரிசைக்கும் கேட்க வேண்டும். நான் வருவேன்.

அதனால் மழை வருமா என்பது எனக்குத் தெரியாது. மழை என் கோரிக்கையில் இல்லை. ஹாஜை என் தம்பி மன்னித்துவிட்டானாம். மனு என்னுடையது.

இணைப்பு: செயற்கைக்கோள் படங்கள் இரண்டு.

இடம்: தம்ஸூர்த்
நாள்: 23 ஜனவரி 2024

இப்படிக்கு,
தூரியா லம்ராபித்
(மீலூத் லம்ராபித்தின் அக்கா)