பத்துக் கோடியே ஒன்று

தம்பிக்கு,

அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். ஞாபகம்தான் ஒரு நாள்கூடத் தங்குவதில்லை.

"கணக்கு உன் மண்டையில ஏறாது" என்று என் படிப்பை நிறுத்திய நம் கணக்கு வாத்தியார் அப்பா, பத்துக் கோடியே ஒன்று பகா எண் என்று ஓய்வுபெறும்வரை பெருமையடித்தாரே, நினைவிருக்கிறதா? போன மாதம் வகுத்துப் பார்த்தேன். பதினேழால் மீதியின்றி வகுபடுகிறது.

அவரிடம் சொன்னேன். தானே போட்டுப் பார்த்துவிட்டு, "இத்தனை பிள்ளைங்களுக்குத் தப்பா சொல்லிட்டேனேம்மா" என்று அழுதார்.

மறுநாள் எல்லாம் மறந்து, "நம்ம எண் பகா எண்தானே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஆமான்னு சொல்லிட்டுப் போயேன்க்கா" என்று போனில் கெஞ்சுகிறாய். உனக்கென்ன, உன்னைப் படிக்கவைத்தார்.

தினமும் கேட்கிறார். தினமும் பென்சிலைச் சீவிக் கையில் கொடுத்து, "நீங்களே போட்டுப் பாருங்கப்பா" என்கிறேன்.

அவரைப் பார்த்துக்கொள்ளும்
உன் அக்கா