காலியாக விட்ட வட்டங்கள்

ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், செல்போன் கடைக்கு மேல் மாடியில், புதிதாக ஒரு பல் மருத்துவமனை வந்திருக்கிறது. கடைவாய்ப் பல் ஒன்று சோறு தின்ன விடாமல் படுத்தியதால் போன வாரம் அங்கே போனேன். உள்ளே நுழைந்ததுமே கிராம்பு எண்ணெய் வாசனை. நாற்காலியில் சாய்ந்தேன். டாக்டர் பெண், "வலிச்சா கையைத் தூக்குங்க சார், நிறுத்திடுறேன்" என்றாள். அவள் கருவியை எடுப்பதற்கு முன்பே என் கை மேலே போய்விட்டது.

"சார், இன்னும் ஆரம்பிக்கவே இல்ல!"

வாயைத் திறந்தபடியே நானும் சிரித்தேன். வலி ஒன்றுமில்லை. அந்த வாசனையில் நீ வந்து நின்றுவிட்டாய், அவ்வளவுதான். நீயாக இருந்தால் இத்தனை மரியாதையாகச் சொல்லியிருக்க மாட்டாய். "யோவ் ரிப்போர்ட்டரே, வாயைத் தொற. ஊர் வம்பு பேசறப்ப மட்டும் நல்லா தொறக்குது இல்ல?" என்றிருப்பாய்.

கணவன் மனைவியாக ஒரே வீட்டில் இருந்த காலத்தில் நான் உனக்கு ஒரு கடிதமும் எழுதியதில்லை. நீ ஷிஃப்ட் முடிந்து வரும் நேரம் நான் செய்திக்குக் கிளம்புவேன். பாதி நாள் நாம் வாசலில் சந்தித்துச் சாவி மாற்றிக்கொண்டதோடு சரி. நீ இறந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்ட பிறகு எழுதுகிறேன்.

ஒரகடத்தில், கார் கதவுக்கு உள்பலகை செய்யும் கம்பெனியில் உனக்கு வேலை. பலகையின் ஓரமாக இருக்கும் துளைகளில் கிளிப் பொருத்தி அடுத்தவருக்கு நகர்த்த வேண்டும். அரசுப் பள்ளியில் உயிரியல் பிரிவு எடுத்து நன்றாகப் படித்தவள் நீ. அந்த நேரம் வீட்டுக்கு ஒரு சம்பளம் தேவைப்பட்டது, போனாய், அங்கேயே நாற்பது வயதைத் தாண்டினாய்.

லைனில் உன் பக்கத்தில் நின்ற தென்காசிப் பெண் ஒரு நாள் வீங்கிய கன்னத்தைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு ஷிஃப்ட் முழுக்க வேலை பார்த்தாள். காய்ச்சலென்றால் லீவு கொடுக்கிற சூப்பர்வைசர், பல்வலி என்றதும் சிரித்துவிட்டாராம். கம்பெனி ஹாஸ்டலில் பாதிப் பேர் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுகிறார்கள் என்று சொன்னாய். தட்டில் சோறு போட்டுக்கொண்டே, "நான் பல் டாக்டராவப் போறேன்" என்றாய்.

"எப்போ?"

"நீட் எழுதிட்டு."

"வயசு?"

"வயசு வரம்பை எடுத்துட்டாங்களாம். நீதானே அந்த நியூஸை அனுப்பின? அனுப்பறதைப் படிக்க மாட்டியா?"

எழுதுவதே எழுதுகிறாய், முழு டாக்டருக்கே இடம் கேளேன் என்றேன். "எனக்கு வாய் போதும்" என்றாய். அது உனக்கு ஏற்கெனவே அதிகம் என்று சொல்லி அடி வாங்கினேன்.

என் அக்கா கேள்விப்பட்டு வந்தாள். நமக்குப் பிள்ளை இல்லாததை எந்தப் பேச்சிலும் நுழைக்கத் தெரிந்தவள். "புள்ள இல்லாத வூட்ல புஸ்தகத்தைத் தாலாட்டிக்கினு கீறியா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "ஆமா அண்ணி. இது அழுவாது. ஆனா நம்மளை அழ வெக்கும்."

முதல் தடவை நீ படித்தது, உன் கம்பெனி உனக்குக் கற்றுக்கொடுத்த மாதிரி. லைனுக்கு எதிரே இந்த மணிக்கு இத்தனை பலகை என்று போர்டு எரியுமே, அப்படி இந்த மணிக்கு இத்தனை பக்கம். கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் தலை சாய்ந்து தூங்க, நீ மட்டும் பக்கம் தள்ளிக்கொண்டு போனாய். பாடம் முழுவதையும் முடித்து, மறுபடி முதலிலிருந்து ஒரு சுற்று வந்தாய். தேர்வு மையத்தை விட்டு வெளியே வந்தபோது முகமெல்லாம் பூரிப்பு. "ஒரு கேள்வி கூட காலியா விடல" என்றாய்.

தகுதி மதிப்பெண்ணுக்கு வெகு கீழே வந்தது முடிவு. தெருமுனை மளிகைக்கடையில், "இன்னா டாக்டரம்மா, ஊசி எப்போ போடுவீங்க?" என்று கேட்டார் கடைக்காரர். "உனக்கா? இப்பவே போடலாம், திரும்பி நில்லு" என்று சொல்லிவிட்டுப் பருப்பு வாங்கி வந்தாய். வந்தவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாய். வெளியே நின்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடைத்தாளின் நகலையும் சரியான விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தோம். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிப்பார்கள். உனக்குக் கழிந்ததே மலையளவு. நான் ஒரு கேள்வியைக் காட்டினேன்.

"இது தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்கு வட்டத்தைக் கறுப்பாக்கின?"

"காலியா எப்படி அனுப்பறது?"

நான்தான் ஏதோ புத்தி கெட்டவன் என்பது போல் பார்த்தாய். துளை காலியாக உள்ள பலகை உன் கையைத் தாண்டிப் போனால் அதற்கு 'மிஸ்ஸிங்' என்று பெயர். மிஸ்ஸிங் விட்டவள் பெயரை மறுநாள் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் படிப்பார்கள். இத்தனை வருடம் அந்தப் பயத்தில் வேலை செய்த கை, தேர்வுத் தாளிலும் கண்ட துளையை எல்லாம் அடைத்துவிட்டு வந்திருக்கிறது. சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாய்.

"இல்லையே. லைன்ல கூட சேராத கிளிப்பை நான் அடிச்சு ஏத்த மாட்டேனே. கயிறு இழுப்பேனே."

உங்கள் லைனில் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடும். பொருள் சரியில்லை என்றால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். சிவப்பு விளக்கு எரிந்து, ஒரு பாட்டு ஒலித்து, லைன் நின்றுவிடும். இழுக்கலாம் என்று சுவரில் எழுதியிருக்கும். இழுப்பவர் இருக்க மாட்டார்கள். நீ இழுத்தவள். "எவ இழுத்தது?" என்று கத்திக்கொண்டு வந்த சூப்பர்வைசரிடம் கிளிப்பை நீட்டி, "நான்தான். இது உக்கார மாட்டேங்குது, பாருங்க" என்றவள். அந்தப் பெட்டியில் இருந்த கிளிப் எல்லாமே அளவு பிசகியவை என்று தெரிந்தது. உனக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. நீயும் எதிர்பார்க்கவில்லை.

அன்றிலிருந்து உன் படிப்பு வேறு. பக்கக் கணக்கைக் கைவிட்டாய். ஒரு கணக்கு தவறினால் அடுத்ததுக்குப் போக மாட்டாய். ஏன் தவறியது என்று தெரியும்வரை அங்கேயே நிற்பாய். தெரியாமல் போனதா, தெரிந்தும் அவசரத்தில் போனதா, கேள்வியைச் சரியாகப் படிக்காததா என்று பிரிப்பாய். பஸ்ஸில் புத்தகத்தைத் திறப்பதையே விட்டாய். கண்ணை மூடி, முந்தின நாள் படித்ததை மனசுக்குள் ஒப்பித்து, எங்கே தடுக்கியதோ அதை மட்டும் வீட்டுக்கு வந்து பார்த்தாய். பக்கத்து சீட்டுக்காரி நீ தூங்குவதாக நினைத்துப் போர்வையில் பாதியை உனக்குக் கொடுத்தாளாம்.

தேர்வு நடப்பது மதியம். படிப்பு தொடங்கும் முன் பல வருடம் காலை ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் தூங்கிப் பழகிய உடம்பு அந்த நேரத்தில் தானாகச் சொக்கும். அதனால் ஞாயிறு மதியம் சோற்றைக் குறைத்துக்கொண்டு, கடிகாரம் வைத்து, முழுத் தேர்வு எழுதிப் பார்ப்பாய். நான் அறைக் கண்காணிப்பாளர். ஒருமுறை நான் தூங்கிவிட்டேன். "சூப்பர்வைசர் தூங்கினா எங்க கம்பெனில வேலையே போயிடும்" என்று என் மூக்கைக் கிள்ளினாய்.

ஸ்ரீபெரும்புதூரில் ஞாயிறு காலை மட்டும் நடக்கும் பயிற்சி வகுப்பில் சேர்ந்தாய். உன்னை விட்டு வரவும் கூட்டி வரவும் வந்தவன், ஜன்னலுக்கு வெளியே நின்று ஒரு காட்சி பார்த்தேன். ஒளியியலில் ஏதோ ஒரு கணக்கைப் போட்டுவிட்டு, "புரிஞ்சுதா?" என்றார் ஆசிரியர். "புரிஞ்சுது சார்" என்றது வகுப்பு, ஒரே குரலில். நீ எழுந்தாய்.

"எனக்குப் புரியல சார்."

"ஆன்ட்டி, உக்காருங்க ஆன்ட்டி" என்று எவனோ சொல்ல, சிரிப்பு.

"உங்க ஒருத்தருக்காக மத்தவங்களை நிறுத்த முடியாதும்மா. போர்ஷன் நிறைய இருக்கு."

"எங்க லைன்ல ஒருத்தி நிறுத்தினா மொத்த லைனும் நிக்கும் சார். இல்லன்னா அந்தக் கதவு ரோட்ல போறப்ப கழண்டுக்கும்."

அவர் பதில் சொல்வதற்குள் பின்வரிசையில் ஒரு பெண், "சார், எனக்கும் புரியல" என்றாள். அப்புறம் இன்னொருத்தன். உன்னை ஆன்ட்டி என்றவனும் கையைத் தூக்கினான். ஆசிரியர் சிரித்தேவிட்டார். கணக்கை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். வண்டியில் வரும்போது, "நல்ல மனுசன். சொன்னா கேக்கறாரு, யாரும் சொல்றது இல்ல" என்றாய்.

இரண்டாம் தடவை தேர்வு முடிந்து வெளியே வந்தபோது உன் முகத்தில் பூரிப்பு இல்லை. வேறு ஏதோ ஒரு திமிர். தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னாய்: "எவ்ளோ காலியா விட்டேன் தெரியுமா? கை துடிச்சிச்சு. அடைக்க விடலையே நானு."

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான ஒதுக்கீட்டில், அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில் உனக்கு இடம் கிடைத்தது. கம்பெனியில் ராஜினாமாவைக் கொடுத்தபோது, நீண்ட லீவு என்று எழுதிக் கொடுங்கள், ஒருவேளை திரும்பி வரவேண்டியிருக்கும் என்றார்களாம். "வருவேன் சார், உங்க பல்லைப் பாக்க" என்றாயாம். மளிகைக்கடைக்காரர் உன்னைப் பார்த்தால் டாக்டரம்மா என்று கூப்பிடுவதை நிறுத்தினார். நீதான் விடவில்லை. "இன்னா அண்ணே, இப்போ கூப்பிட மாட்டியா?" என்று கடைக்கே போய்க் கேட்டாய்.

முதல் வருடம் மெழுகுக் கட்டியில் பல் செதுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். வீடெல்லாம் மெழுகுச் சுருள், உன் கையில் கல்லூரியின் கிராம்பு எண்ணெய் வாசனை. அளவு சரியில்லை என்று அப்படியே நசுக்கிவிட்டு மறுபடி தொடங்குவாய். நன்றாகத்தானே இருக்கிறது என்றால், "உனக்கு நல்லாதான் கீது. கடிக்கறவனுக்கு?" என்பாய்.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில், கல்லூரிக்குப் போகப் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நீ சரிந்தாய். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

காரியத்தன்று சொந்தக்காரர் ஒருவர் என் தோளில் கை போட்டுச் சொன்னார்: "இத்தினி பாடுபட்டு இன்னா ஆச்சு, சொல்லு? டாக்டராவும் ஆவல, இருந்த வேலையும் போச்சு. பேசாம லைன்லயே நின்னிருக்கலாம்." அவர் கெட்டவர் இல்லை. கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் அதைத்தான் வேறு வேறு சொற்களில் சொன்னார்கள். ஒரு வாழ்க்கையைக் கடைசி வரியைப் பார்த்துக் கூட்டிக் கழிக்கிற அந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. நீ டாக்டராகவில்லை. அது உண்மை, அதை மறைத்து எழுத மாட்டேன். ஆனால் வீணாயிற்று என்ற சொல்லை உன் பெயருக்குப் பக்கத்தில் எழுத யாரையும் விடமாட்டேன்.

போன மாதம் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் விபத்து. தெற்கத்திப் பையன் ஒருவனுக்குக் கை நசுங்கியது. தொழிலாளியின் கவனக்குறைவு என்று நிர்வாகத்தின் சார்பில் பேசியவர் சொன்னார். எப்படித் தெரியும் என்றேன். இயந்திரம் சரியாகத்தான் இருந்தது என்றார். யார் சோதித்தார்கள் என்றேன். "புரியலையா சார் உங்களுக்கு?" என்றார். "புரியல. மறுபடி சொல்லுங்க" என்றேன். மற்ற நிருபர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவர் மறுபடி சொன்னார். அப்போதும் யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை. கூட வேலை செய்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

மாலையில் செய்தியை அனுப்பினேன். அலுவலகத்தில் செய்தி திருத்தும் பையனிடமிருந்து போன்.

"சார், காரணம் இல்லாம இருக்கு. கவனக்குறைவுன்னு சேத்துடட்டுமா? எல்லாப் பேப்பர்லயும் அதுதான் வருது."

"சேக்காதே."

"அந்த எடம் காலியா இருக்கே சார்."

"விபத்துக்கான காரணம் இன்னும் தெரியவில்லைன்னு போடு."

"அது ஒரு செய்தியா சார்?"

"இப்போதைக்கு அது ஒண்ணுதான் செய்தி."

முணுமுணுத்துக்கொண்டே போட்டான்.

மறுநாள் காலை வல்லக்கோட்டைச் சாலையில், கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் டீ குடிக்கும் கடையில் நின்றேன். சீருடையில் இருந்த ஒருவன் நம் பேப்பரைப் பிரித்து, விபத்துச் செய்தியை விரல் வைத்துப் படித்தான். படித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவனிடம் நீட்டினான்.

"எலே, இங்க பாரு. காரணம் இன்னும் தெரியலையாம். அப்பம் அவன் மேலதான் தப்புன்னு இன்னும் ஒருத்தனும் சொல்ல முடியாதுல்லா?"

"முடியாதுல்ல. கிழிச்சு வையி. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப அவன்ட்ட காட்டுவோம்."

கடைக்காரர் பேப்பர் தன்னுடையது என்று சத்தம் போட்டார். அவர்கள் கிழித்துக்கொண்டு பஸ் ஏறினார்கள்.