எனக்குத் தலைவலி இல்லை, அக்கா

என்றைக்கும் என் பக்கமே நின்ற அக்காவுக்கு,

நீ எனக்காகக் கட்டிக் காத்த பொய்யை நான் உடைத்துவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது அங்கே வந்து சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டாம். உடைத்ததில் எனக்கு வருத்தமும் இல்லை.

அக்கா தங்கை நாம் இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு கோயமுத்தூரிலிருந்து புனே பக்கம் ஹடப்சருக்கு வந்த புதிதில், கேம்ப் கடைவீதியில் நீ எனக்கு ஒரு காந்தச் சதுரங்கப் பலகை வாங்கிக் கொடுத்தாய். மடித்தால் சோப்பு டப்பா அளவு. ஆடத் தெரிந்தவர் வீட்டில் ஒருவரும் இல்லை. உள்ளே இருந்த இங்கிலீஷ் தாளில் படங்களை மட்டும் பார்த்துக் குதிரை எப்படித் தாண்டும், யானை எப்படி நகரும் என்று நானே பிடித்துக்கொண்டேன். வெள்ளைக்கும் நான், கறுப்புக்கும் நான்.

ஆடக் கற்றாயிற்று. ஆட நேரம்? மாமியார் கண்ணில் சும்மா உட்கார்ந்திருக்கும் மருமகள் பட்டால் உடனே ஒரு முறம் அரிசி மடிக்கு வந்துவிடும். அப்போது நீதான் வழி சொன்னாய்.

"தலைவலின்னு சொல்லிட்டு உள்ள போயிரு கண்ணு. இந்த ஊட்ல தலைவலிக்கு மட்டுந்தான் மருவாதி."

அன்றிலிருந்து மத்தியானம் மூன்று மணிக்கு எனக்குத் தலை வலித்தது. நீ கதவுக்கு வெளியே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே, யார் கேட்டாலும் "பாவம், அவளுக்கு மண்டையிடி" என்பாய். உள்ளே நான் போர்வைக்குள் பலகையை விரித்துக்கொண்டு, ஜன்னல் திரையின் இடுக்கில் வந்த வெளிச்சத்தில் ராஜாவைத் துரத்திக்கொண்டிருப்பேன். ரஞ்சன்காவ் ஃபேக்டரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்கு வந்த நம் வீட்டுக்காரர்கள் கூடத்தில் பகல் முழுக்கச் சீட்டாடினார்களே, அதற்காக அவர்களில் யாருக்காவது ஒரு காய்ச்சல் வந்ததுண்டா? கேட்டால் எனக்குத் திமிர் என்றார்கள். இருக்கட்டும். இப்போதும் கேட்கிறேன்.

மாமியார் போனார். நம் வீட்டுக்காரர்கள் இருவரும் போனார்கள். பிறகு என் மகன் செந்திலின் ராஜ்ஜியம் வந்தது. வீட்டில் எல்லாம் மாறியும் என் தலைவலி மட்டும் மாறவில்லை. பழக்கம், அக்கா. நீ வாசலில் இருந்தாய். எனக்கு அது போதுமாக இருந்தது.

போன மழைக்காலத்தில் ஒரு காலையில் நீ அடுப்படியில் சாய்ந்தாய். தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். சில நாட்களாகவே வலித்திருக்கும், சொல்லவில்லையா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். நீ ஏன் சொல்லவில்லை? இந்த வீட்டில் தலைவலி எனக்கு உரியது என்று விட்டுவிட்டாயா? இதற்கு மட்டும் நான் உன்னிடம் பதில் வாங்காமல் விடமாட்டேன்.

நீ போன பிறகு முதல் முறையாக நான் "தலை வலிக்குது" என்று எழுந்த நாளில் செந்தில் வீட்டில் இருந்தே வேலை செய்துகொண்டிருந்தான். மீட்டிங்கை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தான். முகம் வெளுத்துவிட்டது. "பெரியம்மா சொல்லவே இல்ல. நீயாவது சொல்றியே. சலோ, டாக்டர்கிட்ட போலாம்" என்றான். அவன் பயந்ததைப் பார்த்தும் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என் மூன்று மணி போய்விடும்.

வாயை மூடியிருந்ததில்தான் அது போயிற்று. மருமகள் ரம்யா மாத்திரை கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து நெற்றியில் தைலம் தேய்த்தாள். தலையணைக்கு அடியில் பலகையைப் பார்த்ததும், "இவ்வளவு குட்டிக் காயை உத்து உத்துப் பாத்தா வலிக்காம என்ன செய்யும் அத்தை" என்று எடுத்துப் பரணில் வைத்துவிட்டாள். பாசத்தோடுதான் செய்தாள். பாசத்தோடு பறிப்பவர்களிடம் சண்டை போடுவது எவ்வளவு கடினம், தெரியுமா உனக்கு?

ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று செந்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். டாக்டருக்கு எதிரில் உட்கார்ந்தேன். எப்போதிருந்து வலிக்கிறது, எந்தப் பக்கம், குமட்டுகிறதா என்று அவர் இந்தியில் கேட்டுக்கொண்டே போனார். பக்கத்தில் செந்தில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். தியேட்டரில் பேய்ப் படம் பார்க்கும்போது சின்ன வயதில் பிடிப்பானே, அதே பிடி. இந்தப் பிள்ளையை இதற்கு மேல் பயமுறுத்த முடியாது. அந்த ஒரு மணி நேரத்தையும் விட முடியாது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே வழிதான் இருந்தது.

எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்: எனக்குத் தலைவலி கிடையாது டாக்டர், எப்போதும் இருந்ததில்லை, நான் சதுரங்கம் ஆடுவேன். அவர் பேனாவை மூடிவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு பிரஷரை மட்டும் பார்த்தார். சரியாக இருந்தது.

வரும் வழியில் சிக்னலில் வண்டி நின்றபோதுதான் செந்தில் கேட்டான்.

"இத்தனை வருஷமும் பொய்யாம்மா?"

"ஆடறேன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களாடா?"

பச்சை விழுந்தது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. அவன் வண்டியை எடுத்தான்.

அதோடு முடிந்தது என்று நினைத்தாயா? அங்கேதான் ஆரம்பித்தது. வியாதி இல்லை என்று தெரிந்ததும் என் மூன்று மணி ஊருக்கே பொதுவாகிவிட்டது. பேத்தியை அபாகஸ் வகுப்பில் விட முடியுமா என்று ரம்யா கேட்டாள். பார்சல்காரன் அந்த நேரத்துக்குத்தான் மணி அடித்தான். கேஸ் சிலிண்டர்காரனை மூன்று மணிக்கு வரச் சொல்லிவிட்டு ஆபீஸ் போனான் செந்தில். "நீ சும்மாதானேம்மா இருப்பே" என்றான். வலிக்குக் கொடுத்த மரியாதையை ஆசைக்குக் கொடுக்க இந்த வீட்டுக்கு மனம் வரவில்லை.

நானே ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து பலகையை இறக்கினேன். போர்வைக்குள் இல்லை, கூடத்தில் சாப்பாட்டு மேஜை மேல் விரித்தேன். மணி அடித்தது, எழவில்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை. சிலிண்டர் திரும்பிப் போயிற்று. அன்று இரவு எல்லாரும் வெளியிலிருந்து வரவழைத்து வடாபாவ் தின்றோம். ரம்யா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றேன்.

கடைசியில் கோந்த்வாவிலிருந்து ரம்யாவின் அப்பா அம்மா வந்தார்கள். சரியாக மூன்றேகாலுக்கு. வாங்க என்று கும்பிட்டு, தண்ணீர் கொடுத்து, உட்கார வைத்துவிட்டு, நாலு மணிக்குப் பேசலாம் என்று மேஜைக்குத் திரும்பினேன். செந்தில் பின்னாலேயே வந்தான்.

"அம்மா, சம்பந்தி வந்திருக்காங்க. என்ன நினைப்பாங்க?"

"சிட்டிக்குள்ள கடைக்காரன் மத்தியானம் ஒரு மணிக்குத் தூங்கறதுக்குன்னு ஷட்டரை எறக்கறான். நீயும் நாலு மணிக்கு மேலதானே போறே? போயி அவங்கிட்ட என்னைக்காவது சண்டை போட்டிருக்கியா? நான் ஒரு மணி நேரம் எறக்கினா மட்டும் குத்தமா?"

கூடத்தில் சம்பந்தியம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். அந்த அம்மாளின் சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆயிற்று. செந்தில் தலையைச் சொறிந்தான். அதன்பின் உள்ளே போய், தன் கையாலேயே எல்லாருக்கும் டீ போட்டான். சர்க்கரை அதிகம். ஆனாலும் எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. பலகையின் ஓரத்தில், காய்கள் கலையாமல், பார்த்து வைத்தான்.

இப்போது அபாகஸ் வகுப்பு ஐந்து மணிக்கு. சிலிண்டர் காலையில். இன்னொரு சேதியும் உண்டு. இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ரம்யா, கல்யாணத்துக்கு முன்னால் ஓட்டிய சைக்கிளைத் துடைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இட்லிக்கு யார் மாவு ஊற்றுவது என்று செந்தில் கேட்டான். "நான் ஃப்ரீ இல்ல" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். மாவு ஊற்றியவன் அவன்தான். இட்லி கல்லாக இருந்தது. நான் வாயைத் திறக்காமல் சாப்பிட்டேன். ஜெயித்தவர்கள் அந்த அளவாவது விட்டுக்கொடுக்க வேண்டும் அல்லவா?

ஒரே குறைதான். இந்தச் சண்டையை நீ இருக்கும்போதே போட்டிருக்கலாம். போட்டிருந்தால் வாசலில் உட்கார்ந்த உனக்கும் ஒரு மணி நேரம் கிடைத்திருக்கும். அதில் நீ என்ன செய்திருப்பாய்? நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நீயும் சொன்னதில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அக்கா. இனி ஆசைப்பட்டதைச் செய்வதற்கு இந்த வீட்டில் எந்தப் பெண்ணும் நோயாளியாக வேண்டியதில்லை. நிஜமாகவே வலித்தால் அந்த நிமிஷமே உரக்கச் சொல்வாள், சொன்னதும் எல்லாரும் நம்புவார்கள். நான் இருக்கும்வரை இதில் ஒரு அடி பின்வாங்கமாட்டேன்.

உன் கூடப் பிறந்தவள், உன் ஓரகத்தி, இன்னும் அதே பிடிவாதக்காரி,
தங்கை